பெரிய செடியில் தளிர் மட்டும் வெளுக்கிறதா?

ஹாலில் ஆள் உயரத்துக்கு நிற்கிற ரப்பர் செடி பழைய இலையெல்லாம் நன்றாக இருக்க, புதுத் தளிரை மட்டும் வெளுப்பாக விட்டால் உடனே உரக்கடைக்கு ஓடாதீர்கள், இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதை ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. யூரியா இதற்குப் பயன்படாது, ஏனென்றால் தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். மழைத்தண்ணீர் பிடித்து, தொட்டியின் அடி ஓட்டை வழியாக நன்றாக வழிகிற வரை ஊற்றுங்கள், தேங்கிய உப்பும் கழுவிப் போகும். அப்புறமும் தேறவில்லை என்றால் கீலேட் இரும்பு (வேர் எளிதில் எடுக்கிற வடிவில் இருக்கும் இரும்பு உரம்) போடலாம், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் வேண்டாம்.

டிரசீனா என்கிற அழகுச்செடி வைத்திருப்பவர்கள் கவனிக்க: இலை நுனி பழுப்பாகக் கருகினால் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடும் காரணமாக இருக்கலாம். நம் நிலத்தடி நீரில் அது அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கொதிக்க வைத்தாலும் போகாது. சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் உண்டு, அதைப் போடாதீர்கள்.

தளிர் சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் முதலில் பூச்சியைத் தேடுங்கள். குருத்து மடிப்பில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. வெள்ளைத் தாள் மேல் தட்டிப் பார்த்து, பொடிப்பொடியாக நீளவாக்கில் ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள், வாரம் ஒருமுறை.