இசைக்குழு வாசிக்கும் பிஜிஎம்: காது கொடுத்துக் கேட்கப் பழகுவது எப்படி?

படம் முடிந்து வெளியே வரும்போது "பிஜிஎம் பிரமாதம்" என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த இடத்தில், எந்தக் கருவி என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். வேலை செய்யும்போது பின்னால் ஓடவிட்டுக் கேட்பேன். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றும் மனதில் தங்காது. ஒரு நாள் ராத்திரி, நாலு நிமிட இசைத்துண்டு ஒன்றை விளக்கை அணைத்துவிட்டு ஐந்து முறை கேட்டேன். நான்காவது முறைதான், வயலின்களுக்கு அடியில் செல்லோக்கள் (வயலினைவிடப் பெரிய, கனத்த குரல் கொண்ட தந்திக் கருவிகள்) வேறொரு மெட்டை வாசித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. அத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அன்றைக்குப் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கேளுங்கள். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஸ்வரம் பிரிக்கத் தெரிய வேண்டியதில்லை.

படி 1: போன் ஸ்பீக்கரை விடுங்கள்

இசைக்குழுவின் மிகப் பெரிய தந்திக் கருவியான டபுள் பேஸின் மிகக் கீழான தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அதாவது, இசையின் அடித்தளம் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும். பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஒலி அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இசைக்குழு இசை ரொம்ப மெதுவாக ஆரம்பிக்கும். கேட்கவில்லையே என்று ஏற்றி வைத்தால், இரண்டு நிமிடம் கழித்து பித்தளைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது காது வலிக்கும். முதலில் உச்சமான இடத்தைத் தேடிப் போட்டு, அதற்கு ஏற்ற அளவை வைத்துக்கொண்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள்.

படி 2: நான்கு குடும்பங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

பெரிய இசைக்குழு என்றால் ஏறக்குறைய 80 முதல் 100 பேர். அதில் பாதிக்கு மேல் தந்திக் கருவிகள்: வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ். அடுத்து ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன் என்று மரக்காற்றுக் கருவிகள். அப்புறம் ட்ரம்பெட், பிரெஞ்சு ஹார்ன், ட்ராம்போன், டியூபா என்ற பித்தளைக் குடும்பம். கடைசியாக டிம்பனி முதலான தாளக் கருவிகள். ஹார்ப், பியானோ போன்றவை தேவைக்கேற்ப வந்து சேரும்.

எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு அடையாளம் போதும். வில்லால் இழுக்கும் ஒலிக்கு இழுப்பு உண்டு. ஊதும் ஒலிக்கு மூச்சு உண்டு, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வரும். இன்னொரு உதவி: பெரும்பாலான பதிவுகளில் முதல் வயலின்கள் இடது காதிலும், டபுள் பேஸ்கள் வலது காதிலும் தூக்கலாகக் கேட்கும்.

படி 3: தந்திகள் மட்டும் உள்ள ஒன்றில் தொடங்குங்கள்

இதற்கு 'சைக்கோ' (1960) படத்தைவிட நல்ல பாடம் இல்லை. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அந்தப் படம் முழுவதற்கும் தந்திக் கருவிகளை மட்டுமே வைத்து எழுதினார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஒலி என்பது அவர் சொன்ன காரணம். ஒரு பெண் கத்தியால் குத்திக் கொல்லப்படும் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார்.

அந்தத் துண்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை, மேலே கீச்சிடும் வயலின்களை மட்டும். இரண்டாம் முறை, அந்தக் கீச்சு ஒரே அடியாக எல்லாரிடமிருந்தும் வராமல், மேலிருந்து கீழாக ஒவ்வொரு பிரிவாக வந்து சேர்வதை. மூன்றாம் முறை, கீச்சல் ஓய்ந்த பின் செல்லோவும் பேஸும் கனமாக இறங்கி இழுத்து இழுத்து நடப்பதை. கத்தி போய்விட்டது, உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சொல்வது அந்தக் கீழ்த் தந்திகள்தான்.

எப்போதும் கீழிருந்து கேட்கத் தொடங்குங்கள் என்பது என் கட்சி. வயலின் தானாகவே காதில் விழும், பேஸைத்தான் தேடிப் போக வேண்டும். ஒரு காட்சியின் பயமோ நிம்மதியோ முதலில் மாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

படி 4: ஒரு கருப்பொருள் மெட்டைப் பின்தொடருங்கள்

என்னைப் பைத்தியமாக்கிய பகுதி இது. ஒரு பாத்திரத்துக்கோ இடத்துக்கோ ஆசைக்கோ ஒரு குட்டி மெட்டு. அது வரும்போதெல்லாம் அந்த ஆள் நம் நினைவுக்கு வருவார். இதை லைட்மோட்டிஃப் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் ஓப்பராக்களில் (இசை நாடகங்களில்) இதைப் பெரிய அளவில் கையாண்டார். வியன்னாவில் வளர்ந்த மாக்ஸ் ஸ்டைனர், கோர்ன்கோல்ட் போன்ற இசையமைப்பாளர்கள் ஹாலிவுட்டுக்கு வந்தபோது இந்த முறையும் கூடவே வந்தது. ஸ்டைனரின் 'கிங் காங்' (1933) இதற்கு ஆரம்பகால உதாரணம்.

பழகுவதற்கு எளிது, ஜான் வில்லியம்ஸ் எழுதிய 'ஜாஸ்' (1975). அடுத்தடுத்த இரண்டே ஸ்வரம், கீழ்த் தந்திகளில். சுறாவைக் காட்டாமலே சுறா வருகிறது என்று தெரிந்துவிடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு சிறுவர்கள் அட்டையில் சுறாவின் முதுகுத் துடுப்பு செய்து கடற்கரையில் எல்லாரையும் அலறவிடும் காட்சியில் அந்த மெட்டு வரவே வராது. கூட்டம் ஏமாறுகிறது, இசை நம்மை ஏமாற்றுவதில்லை.

கொஞ்சம் பழகியதும் அவருடைய 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்கு வாருங்கள். வில்லன் டார்த் வேடருக்கான அணிவகுப்பு மெட்டு முதலில் வந்தது 1980இல். பித்தளைக் கருவிகள் இடிபோல முழங்க, கீழே தாளம் பூட்ஸ் காலாக நடக்கும். அதை இரண்டு மூன்று முறை கேட்டு, முணுமுணுக்கும் அளவுக்கு மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு 1983இல் வந்த படத்தில் வேடர் இறக்கும் காட்சியைப் போடுங்கள். அதே மெட்டுதான். ஆனால் மெதுவாக, மெல்லிய ஒலியில், தாளமே இல்லாமல். கடைசியில் ஹார்ப்பில் சில ஸ்வரங்கள் மட்டும், ஒவ்வொன்றாக உதிரும். ஸ்வர வரிசை மாறவில்லை, வேகமும் கருவியும்தான் மாறின. முன்னால் கேட்டுப் பயந்த மெட்டுக்கு இப்போது தொண்டை அடைக்கிறது. முதன்முதலில் இதைக் கவனித்தபோது அந்த ஒரு நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்களும் பிடித்த படத்தில் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறை வரும்போதும் மூன்றைக் குறித்துவையுங்கள்: எந்தக் கருவி, என்ன வேகம், முழுதாக வந்ததா பாதியில் நின்றதா. பாதியில் நிற்கும் இடங்களில் பெரும்பாலும் கதையிலும் ஏதோ ஒன்று கைகூடாமல் நிற்கும்.

படி 5: இசை எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது

ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஒரு முறை பாருங்கள். பிறகு சத்தத்தோடு. மூன்றாவதாகக் கண்ணை மூடிக்கொண்டு. இசை தொடங்கும் அந்த நொடியில் திரையில் என்ன நடக்கிறது? ஒருவர் பேசி முடித்ததும் தொடங்குகிறதா, அல்லது அவர் முடிவெடுத்து முகம் மாறும்போதே தொடங்கிவிடுகிறதா? எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இயக்குநரும் இசையமைப்பாளரும் படத்தைப் போட்டுப் பார்த்து உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஒலிப்பதிவின்போது வாசிப்பவர்களின் ஹெட்போனில் கடிகாரம்போல டிக் டிக் ஓடும். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தோடு இசை பிசகாமல் பொருந்துவது அதனால்தான்.

படி 6: எண்ட் டைட்டில் முடியும்வரை உட்காருங்கள்

இசைக்குழு இசை உள்ள படங்களில், கடைசியில் பெயர்கள் ஓடும்போது முக்கியமான மெட்டுகள் பல வரிசையாக, வசனமோ வெடிச்சத்தமோ குறுக்கிடாமல் வரும். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெட்டு வரும்போதும் அது யாருடையது என்று எழுதுங்கள். முதல் தடவை ஒன்றிரண்டுதான் பிடிபடும், அது சரிதான். படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதே காகிதத்தின் மறுபக்கத்தில் மறுபடியும் எழுதிப் பாருங்கள்.