ராணுவ டிரக்கை மாற்றி அமைப்பவர்கள் சேற்றில் உணரும் தவறுகள்

ராணுவம் கழித்துவிட்ட டிரக்கை வாங்கியதும் பலரும் செய்வது ஒன்றுதான்: பின்பெட்டியைக் காலியாக்கு, உயரத்தைக் கூட்டு, பெரிய டயர் மாட்டு. பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் அமெரிக்காவின் மூன்று ஆக்ஸில் கொண்ட எம்35ஏ2 டிரக் போன்ற வண்டி, சாலைக்கு வெளியே இரண்டரை டன் பாரத்துடன் மெதுவாகப் போவதற்கென்று செய்தது. பாரத்தை இறக்கி வேகத்தைக் கூட்டினால் அதன் கணக்குகள் பலவும் மாறிப்போகும்.

முதலில் டயர். எம்35-இன் 9.00-20 டயர் சுமார் 40 அங்குல உயரம். பின்னால் இரட்டை டயர் என்பதால் நடுவில் கல்லும் சேறும் மாட்டிக்கொள்ளும். முன் டயர் அமுக்கிவிட்டுப் போன தடத்திலும் அவை சரியாக விழாது. ஆகவே அகலமான ஒற்றை டயருக்கு மாறுவது நல்ல வேலைதான். பலர் போடும் 395/85ஆர்20 டயரின் உயரம் 46 அங்குலத்தைத் தாண்டும். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஆக்ஸிலில் இருக்கும் 6.72 கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதற்கு விசை கொண்டுவரும் தண்டு 6.72 சுற்று சுற்ற வேண்டும்) டயர் பெரிதானதால் இப்போது ஏறக்குறைய 5.8 ஆக வேலை செய்யும். தார்ச்சாலையில் அது லாபம். பாறைமேட்டில் ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில், வண்டி தேவைக்கு மேல் வேகமாக உருள, கிளட்சைப் பாதி மிதித்தே சமாளிக்க வேண்டி வரும். பிரேக்குக்கும் வேலை கூடும். எம்35ஏ2-இல் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சர்க்யூட்தான். ஒரு குழாய் விட்டுப்போனால் மொத்தப் பிரேக்கும் போகும். டயருக்குச் செலவழிக்கும் முன் இதை இரட்டை சர்க்யூட்டாக மாற்றலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று, பழைய எம்35-களில் எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்ஸிலைத் தானாக இணைக்கும் ஸ்பிராக் வகையாக இருக்கும். பின்சக்கரம் வழுக்கினால்தான் முன்சக்கரத்துக்கு விசை போக வேண்டும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று மாட்டினால், தேய்ந்த டயர் சிறியது என்பதால் வேகமாகச் சுற்றும்; பின்சக்கரம் வழுக்குகிறது என்று அது ஏமாந்துபோய், காய்ந்த சாலையிலேயே முன் ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங் கனப்பதும் டயர் தேய்வதும் ஏன் என்று தேட வேண்டியிருக்கும்.

ஒரு ஆக்ஸிலைக் கழற்றி, சேசிஸை வெட்டி, நான்கு சக்கர வண்டியாக்கும் வழக்கமும் உண்டு. திருப்பம் குறுகும், எடை குறையும். சரி, என்ன போகிறது? மூலவண்டியில் பின் இரட்டை ஆக்ஸில்களின் கமான் பட்டை நடுவில் ஒரு மையத்தில் ஆடும். ஒரு ஆக்ஸில் மேலே போனால் மற்றது கீழே இறங்கும். பள்ளத்திலும் நான்கு பின்சக்கரமும் தரையை விடாது. ஒற்றை ஆக்ஸிலுக்கு அந்த வசதி இல்லை. அதே கனத்த பட்டைகளைக் காலி வண்டியில் விட்டுவைப்பவர்களை நினைத்தால்தான் வியப்பு: டன் கணக்கில் பாரம் வந்தால் வளைய வேண்டிய பட்டை, பாரமே இல்லாமல் எப்படி வளையும்? ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் சாதாரண டிஃபரென்ஷியலில் அந்தச் சக்கரம் சும்மா சுற்ற, வண்டி நகராது. அதற்கு, இரு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் லாக்கர் வாங்குவதற்கு முன் ஓரிரண்டு பட்டைகளை உருவிப் பாருங்கள்.

அதைவிடச் செலவில்லாத வழி காற்றை இறக்குவது. மணலில் சிக்கினால், எஞ்சினைக் கத்தவிடும் முன் வால்வில் கை வைக்க வேண்டும். ஆனால் அழுத்தம் மிகக் குறைந்தால் டியூப் உள்ள டயர் ரிம்மில் நழுவிச் சுற்றி வால்வையே பிய்த்துவிடும்; டயரைப் பிடித்துவைக்கும் பீட்லாக் அங்கே தேவை. இந்த ரிம்கள் பல துண்டாக, லாக் ரிங் வைத்தவை. காற்றை முழுக்க இறக்காமல் அவற்றைக் கழற்றக் கூடாது; காற்று ஏற்றும்போதும் கூண்டுக்குள் வைத்து ஏற்ற வேண்டும். ரிங் தெறித்தால் உயிர் போகும்.

மெர்சிடிஸ்-பென்ஸின் ராணுவ டிரக்கான யூனிமாக் 404 வாங்குபவர்களின் தவறு வேறு. அதன் சேசிஸ் முறுக்கிக்கொள்ளவே செய்யப்பட்டது. அதன்மேல் தங்கும் பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கமாக போல்ட் போட்டால், மேடுபள்ளத்தில் பெட்டி விரியும் அல்லது சேசிஸ் கிழியும். மூன்று புள்ளியில், ஆடும் பொருத்தாக வைக்க வேண்டும்.

சிக்கிய வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் முன்பக்க வின்ச்சில் ஷியர் பின் அடிக்கடி உடைகிறது என்று அதன் இடத்தில் கெட்டியான போல்ட் போடுபவர்கள் உண்டு. அந்த ஷியர் பின் உடைவதற்காகவே அங்கே இருக்கிறது. அது உடையாவிட்டால் கம்பி வடமோ கியரோ உடையும். இழுவை போதவில்லையென்றால் கப்பி மாட்டி விசையை இரட்டிப்பாக்கலாம்.

கடைசியாகத் தண்ணீர். எம்35 ஆயத்தம் எதுவுமின்றி 30 அங்குல ஆழத்தைக் கடக்கும். ஏர் ஃபில்டரை இடம் மாற்றிய, ஆக்ஸிலின் காற்றுப் போக்குக் குழாயை மேலே கொண்டுபோகாத வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. சூடான ஆக்ஸில் தண்ணீரில் குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடமாகி நீரை உறிஞ்சும். ஆற்றைக் கடந்த மறுநாள் ஆக்ஸில் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.