பாம் எம்125-இல் உள்ள நாட்காட்டியையும் பணிகளையும் கணினிக்கு எடுப்பது

சேரன்மகாதேவியில் என் பெரியப்பா வயல் விவரம் முழுவதையும் பாம் எம்125 என்ற கையடக்கக் கருவியில் எழுதி வந்தார். 2001-இல் வந்த மாடல். கன்னடியன் கால்வாயில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, கார் பருவ நெல்லுக்கு நாற்று பாவியது எப்போது, பிசானப் பருவத்துக்கு எந்த வாரம் உரம் வைத்தது, மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி எல்லாம் அதில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட பதிவு அழிந்தால் அழிந்ததுதான். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று கிடந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

முதலில் பேட்டரி. இந்தக் கருவியில் நாம் எழுதியதெல்லாம் ராம் நினைவகத்தில்தான் நிற்கிறது. மின்சாரம் முழுதும் அற்றால் எல்லாம் போய்விடும். புதிய டிரிபிள் ஏ பேட்டரி இரண்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே பழையதைக் கழற்றுங்கள். மாற்றும் வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

அடுத்து கணினி. 64 பிட் விண்டோஸுக்கு பாம் நிறுவனம் கருவியை இணைக்கத் தேவையான யுஎஸ்பி டிரைவர் மென்பொருளே வெளியிடவில்லை, அதில் மல்லுக்கட்ட வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஜே-பைலட் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதன் பிரிஃபரன்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் போர்ட் என்ற இடத்தில் 'யுஎஸ்பி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, கடைசியில் முக்காற்புள்ளியும் வையுங்கள் (usb:). கருவியை யுஎஸ்பி வழியே கணினியோடு இணைத்து, அதில் ஹாட்சிங் என்ற ஒத்திசைவுப் பொத்தானைத் தட்டியதும் ஜே-பைலட்டில் பேக்கப் பொத்தானை அழுத்துங்கள். ஹாட்சிங்கைத் தட்டும்வரை கருவி கணினியின் கண்ணுக்கே தெரியாது, அதனால் இந்த வரிசை முக்கியம்.

பேக்கப் முடிந்ததும் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஜே-பைலட் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவுக்கு நகலெடுங்கள். நாட்காட்டிக்கான டேட்புக்டிபி, பணிகளுக்கான டூடூடிபி என்ற இரண்டு கோப்புகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவைதான் மூலம். மாற்றும்போது எது கெட்டாலும் இதிலிருந்து மறுபடி தொடங்கலாம். இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது என்பேன்.

சரி, இனி ஏற்றுமதி. தனிப்பட்ட பதிவுகள் மறைந்திருந்தால் முதலில் அவற்றைக் காட்டும்படி வையுங்கள். ஜே-பைலட்டின் டேட்புக் பக்கத்தில் எக்ஸ்போர்ட் போய், வகை ஐகாலண்டர் (காலண்டர் மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவம்) என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். டூடூ பக்கத்திலும் அதேபோல் தனியாக ஒரு கோப்பு. இரண்டையும் சிஎஸ்வி என்ற அட்டவணை வடிவிலும் எடுத்து வைத்தால் எக்செலில் திறந்து தேடலாம்.

கூகுள் காலண்டரில் ஏற்றுவதாக இருந்தால் புதிதாக ஒரு காலண்டர் உருவாக்கி அதற்குள் ஏற்றுங்கள். பிழையானால் அதை மட்டும் நீக்கிவிடலாம். ஆனால் கூகுள் காலண்டர் நிகழ்வுகளை மட்டும்தான் எடுக்கும், பணிகளை விட்டுவிடும். பணிகளுக்கு, மின்னஞ்சலோடு காலண்டரும் உள்ள தண்டர்பேர்டு மென்பொருள் நல்லது. பெரியப்பாவுக்கு இரண்டையுமே தண்டர்பேர்டில்தான் ஏற்றிக் கொடுத்தேன்.

ஏற்றியபின் காலை நேரப் பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். பாம் கருவி நேர மண்டலம் எதையும் குறித்து வைப்பதில்லை. நேரம் ஐந்தரை மணி தள்ளி நின்றால், காலண்டரின் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

அப்புறம், திரும்பத் திரும்ப வரும் பதிவுகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் என்பது போன்றவை சரியாக வந்துவிடும். நடுவில் ஒரு தடவை மட்டும் நீக்கிய பதிவு இருந்தால் அந்தத் தேதியைத் தனியாகப் பாருங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் ஆண்டுக்கு ஒரு தேதியில் வருவதால் பெரியப்பா ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியாகவே குறித்திருந்தார். அவற்றை ஒன்றாக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

முடிந்த பணிகளைக் கருவியில் பர்ஜ் என்ற நீக்கும் கட்டளை கொடுத்து அழித்துவிடாதீர்கள். எந்த ஆண்டு எந்த வேலை எப்போது முடிந்தது என்பது அவற்றில்தான் தெரியும். பெரியப்பா ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியவர், ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார். தேடும்போது எல்லா விதமாகவும் தேடுங்கள். மூலக் கோப்பைத் திருத்த வேண்டாம். எழுதியவரே உட்கார்ந்து ஒரு பருவத்துப் பதிவுகளைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அதன் பேட்டரியை எடுக்காதீர்கள்.