முட்டுக்குப் பம்ப் எடுக்கிறீர்களா? வாயைக் கவனியுங்கள்

மார்கழியில் அம்மம்மாவின் குரல் அடைத்தது. திருவெம்பாவை பாடும்போது பாதியில் பிசிறியது. பனிக்குளிர் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒருநாள், கறி நாக்கில் எரிகிறது என்று சோற்றை ஒதுக்கினார். டோர்ச் அடித்துப் பார்த்தால், கன்னத்தின் உட்பக்கம் தயிர் ஒட்டினதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. துடைத்த இடம் சிவந்து நொந்தது. பாணில் பிடிக்கிற பூஞ்சணம் மாதிரி இது வாயில் பிடிக்கிற பூஞ்சணம். முட்டு (ஆஸ்துமா) வராமல் நாளாந்தம் இழுக்கிற தடுப்புப் பம்பை நாங்கள் பிழையாக எடுத்ததால் வந்தது.

பக்கத்து வீட்டு மாமி உடனே, "அது ஸ்டீரொய்ட் எல்லோ, நிப்பாட்டுங்கோ" என்றார். நிப்பாட்ட வேண்டியதில்லை. எடுக்கிற முறையைத் திருத்தினால் போதும்.

முதலில் எந்தப் பம்ப் என்று பாருங்கள். நிறத்தை நம்பாமல் பெயரை வாசியுங்கள். பெக்லோமெத்தசோன், பியூடசனைட், புளூட்டிக்கசோன் என்றிருந்தால் அது ஸ்டீரொய்ட், நாளாந்தம் எடுப்பது. சல்பியூட்டமோல் என்றால் இழுப்பு வந்தவுடன் எடுப்பது. கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் பெரும்பாலும் சல்பியூட்டமோலின் வேலை. வீணாக ஸ்டீரொய்டில் பழி போடாதீர்கள்.

அடுத்தது நேரம். அம்மம்மா பல் தீட்டி, பாயில் படுத்த பிறகுதான் பம்ப் அடிப்பார். மருந்து விடியும்வரை வாயிலேயே கிடக்கும். இப்போது காலையும் இரவும் பல் தீட்ட முன்னரே எடுக்கிறார்.

அழுத்தினால் மருந்து பீறி வருகிற காஸ் பம்ப் என்றால், ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பூட்டுகிற பிளாஸ்டிக் குடுவை) போட்டு எடுங்கள். நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையில்தான் மோதும். குரல் அடைப்பதும் அதனால்தான். பம்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு தரம் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, 10 எண்ணும்வரை அடக்குங்கள். இரண்டாவது தரத்துக்கு அரை நிமிடமாவது பொறுங்கள். கப்சூல் தூள் எடுப்பவர்களுக்கு ஸ்பேசர் இல்லை. அவர்கள் ஒரே மூச்சில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்.

பிறகு கொப்பளிப்பு. நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். அம்மம்மா பம்ப் எடுத்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார், அதுவே கழுவல் என்று நினைத்து. குடித்தால் மிச்ச மருந்து வயிற்றுக்குள் போகிறது. தண்ணீரை வாய் முழுக்க அலசி, தலையை நிமிர்த்தித் தொண்டையில் கரகரவென்று கொப்பளித்து, துப்ப வேண்டும். இரண்டு மூன்று தரம். கட்டுப்பல் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். உப்பு, மஞ்சள் ஒன்றும் தேவையில்லை, கிணற்றுத் தண்ணீர் போதும்.

ஸ்பேசரை வாரம் ஒருக்கால் கோப்பை கழுவும் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, அப்படியே காய விடுங்கள். சீலையால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிவிடும்.

சரி, எலும்பு கரையும் என்கிற பயம்? இழுக்கிற 200 மைக்ரோகிராம் கப்சூல் ஒன்றையும், விழுங்குகிற ஸ்டீரொய்டான 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் குளிசையையும் நிறுத்துப் பார்த்தால், குளிசையில் 25 மடங்கு மருந்து இருக்கிறது. ஆனால் கூடிய அளவில் வருடக்கணக்காக எடுப்பவர்களுக்குக் கண்ணில் வெண்புரை, கண் அழுத்தம், எலும்புத் தேய்வு, தோல் இலகுவில் கன்றிப்போவது எல்லாம் வரலாம். பிள்ளைகளின் உயரம் முதல் வருடத்தில் 1 சென்டிமீட்டர் அளவு பிந்தக்கூடும். ஆகவே கிளினிக் போகும்போது, அந்த மாதம் சல்பியூட்டமோல் எத்தனை தரம் தேவைப்பட்டது என்று கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். அதைப் பார்த்துத்தான் டொக்டர் அளவைக் குறைப்பார். நீங்களாகத் திடீரென்று விட்டால் முட்டு திரும்பி வரும். கூடிய அளவில் எடுத்தவர்களுக்கு உடல் தானே சுரக்கிற ஸ்டீரொய்டும் குறைந்திருக்கக்கூடும் என்பதால் அது இன்னும் ஆபத்து.

அம்மம்மாவுக்கு வாயில் விட நிஸ்டாட்டின் என்ற பூஞ்சணத் துளி மருந்து தந்தார்கள். வெள்ளை போய்விட்டது. குரல் தெளியக் கொஞ்சம் பிந்தியது. இப்போதும் இரவில் கிணற்றடியிலிருந்து கரகர சத்தம் கேட்காவிட்டால், நான் குசினிக்குள் நின்றபடியே "அம்மம்மா!" என்று ஒரு குரல் கொடுப்பேன்.