பளபளத்த டைட்டேனியம் ஏன் விரிசல் விட்டது

வெல்டிங் செய்த டைட்டேனியம் 6-4 (6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்த உலோகக் கலவை) தகட்டின் உள் இறுக்கம் தளர, சாதாரண காற்று உலையில் 700 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தேன். சாம்பல் பூத்து வந்தது. எமரித் தாளால் தேய்த்ததும் பளபளத்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். லேசாக வளைத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம், வெளிப்பக்கம் முழுக்க மயிரிழை விரிசல்கள்.

தேய்த்துப் போனது ஆக்சைடு மட்டும்தான். அதற்கு அடியில், ஆக்சிஜன் உலோகத்துக்குள்ளேயே ஊறி, கடினமான, நொறுங்கும் தோலாக மாறியிருந்தது. 'ஆல்ஃபா கேஸ்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அரம் பிடிக்காமல் வழுக்கும்.

அதே உலையில் வைத்த இன்னொரு தகட்டை, அரம் கடிக்கும்வரை மில்லிங்கில் சீவினேன். ஹைட்ரோஃப்ளூரிக் கலந்த அமிலக் குளியலிலும் கரைக்கலாம், எனக்குத் துணிவில்லை. அப்புறம் புதுத் துண்டுகளுக்குக் காற்றுக்குப் பதில், உலோகத்தோடு வினைபுரியாத ஆர்கான் வாயு, 600 டிகிரி. மிச்ச ஆக்சிஜனை உறிஞ்ச, வாயு நுழையும் இடத்தில் டைட்டேனியச் சுருள்களைப் போட்டேன். கையுறையும் கட்டாயம்: வியர்வை உப்பு சூட்டில் விரிசலைக் கிளப்பும். இந்த முறை வைக்கோல் மஞ்சளில் மெல்லிய படலம் மட்டுமே. வளைத்தேன், சத்தமே இல்லை.