பயிற்சி விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு விமானப் பயிற்சி மாணவர்கள் சிலர் வருவதுண்டு. பால்மரம் வெட்டிய பெற்றோரின் சேமநிதிப் பணத்தில் பறக்கப் பழகும் பிள்ளைகள். ரேடியோவில் வாய் குழறுவதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உயரம் போய்விடுமே என்று கைப்பிடியை இழுப்பது

வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலை நெருங்கும்போது பெரிய விமானங்களில் கைப்பிடி கடகடவென்று அதிரும். உடனே மூக்கை இறக்க வேண்டும். சென்ற வாரம் ஒரு தம்பியைக் கணினி சிமுலேட்டரில் உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்தபடியே வேகத்தைக் குறைத்தேன். எச்சரிக்கை வந்ததும் விரல் கணுக்கள் வெளுக்கக் கைப்பிடியை நெஞ்சருகே இழுத்தான். “உயரம் குறைந்தால் மதிப்பெண் போய்விடும், சார்” என்றான். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானத்தின் கேப்டனும் இழுத்தார். கைப்பிடியைத் தானாக முன்னே தள்ளும் கருவி இயங்கியது. அதையும் எதிர்த்து இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர். அந்தக் கருவி தள்ளினால் கைக்கு எப்படி இருக்கும் என்பதை நிறுவனம் சிமுலேட்டரில் காட்டியிருக்கவில்லை. உயரத்தை அதிகம் இழக்காமல் மீள்வதே அன்றைய தேர்வுகளில் அளவுகோல். 2012இல்தான், மூக்கை இறக்குவதே முதல் வேலை என்று அமெரிக்க வழிகாட்டுதல் அழுத்தமாகச் சொன்னது. முதலில் மூக்கு, அப்புறம் எஞ்சின் விசை, உயரம் கடைசி. முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தரும் ஸ்டால் பயிற்சி போதாது. திருப்பத்தில், ஆட்டோபைலட் இயங்கும்போது, எதிர்பாராமல் தரச்சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

தூக்கமில்லாமல் பறப்பது

“இன்று முடியாது” என்று சொல்லிவிடுங்கள்.

பறந்த மணிக்கணக்கை நம்புவது

அந்தக் கோல்கன் கேப்டன் 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அப்படியும் இழுத்தார்.

தேர்வில் தவறியதை மறைப்பது

வேலையில் சேரும் முன் தவறிய மூன்று தேர்வுகளில் ஒன்றை மட்டுமே அவர் விண்ணப்பத்தில் காட்டியிருந்தார். நிறுவனமும் தோண்டிப் பார்க்கவில்லை. விமானிகளின் தேர்வு, பயிற்சிப் பதிவுகளை நிறுவனங்கள் பார்க்க ஒரே தரவுத்தளம் வேண்டும் என்று அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது அந்த விபத்துக்குப் பிறகுதான். தவறியதைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று தெரிந்தால்தான் அங்கே கூடுதல் பயிற்சி தர முடியும். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: தடுமாறும் விமானியை உங்கள் நிறுவனம் எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்தபின் என்ன செய்கிறது?