ரௌட்டருக்குப் புது ஃபர்ம்வேர் ஏற்றும் முன் எழுதி வைக்க வேண்டியவை

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் வீட்டு ரௌட்டருக்கு முதன்முறை ஃபர்ம்வேர் (ரௌட்டரை இயக்கும் உள்மென்பொருள்) ஏற்றியபோது அந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதன்பின் யோசிக்காமல் ரீசெட் செய்ததில் இணைப்புக்குரிய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோயின; அவற்றை வைத்திருந்த கேபிள்காரர் உறவினர் திருமணத்துக்காக ஊத்தங்கரை போயிருந்ததால், இரண்டு நாள் இணையமின்றிக் கழிந்தது. ஆகவே இந்த வேலையை ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தொடங்குவதே சரி என்பேன்.

முதலில் ரௌட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மாடல் எண்ணையும், அதன் அருகே சிறிய எழுத்தில் 'வி2', 'வி3' என்பதுபோல அச்சிட்டிருக்கும் வன்பொருள் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒரு பதிப்புக்கான ஃபர்ம்வேர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. பிறகு உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டி, அட்மின் பக்கத்துக்குள் நுழைந்து, 'வான்' (WAN, வெளி இணைய இணைப்பு) பகுதியில் இணைப்பு பிபிபிஓஇ (PPPoE, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணைவது) வகையா, டைனமிக் ஐபி (அவையின்றித் தானாக முகவரி பெறுவது) வகையா, விலான் எண் (VLAN, இணைப்பைப் பிரித்தறியத் தரும் எண்) ஏதும் உள்ளதா, மேக் குளோன் (வேறு கருவியின் அடையாள எண்ணை ரௌட்டர் தனதாகக் காட்டுவது) போடப்பட்டுள்ளதா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ கடவுச்சொல் பெரும்பாலும் கறுப்புப் புள்ளிகளாகவே தெரியும் என்பதால், அதை இணைப்புக் கொடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அமைப்புகளை பேக்கப் கோப்பாகவும் சேமிக்கலாம். ஆனால் புதிய ஃபர்ம்வேரில் பழைய கோப்பு ஏற்காமல் போவதுண்டு, தாளில் எழுதியதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஃபைபர் கம்பி நேராக உள்ளே நுழைகிற, 'LOS' என்ற விளக்குள்ள பெட்டி, இணைய இணைப்பு தரும் நிறுவனம் கொடுத்ததாக இருந்தால் அதில் கை வைக்க வேண்டாம். அதற்கான ஃபர்ம்வேரைப் பெரும்பாலும் நிறுவனமே தொலைவிலிருந்து ஏற்றிவிடும். ரீசெட் செய்தால் பதிவு விவரமும் போய்விடக்கூடும்.

சொந்த ரௌட்டராயின், தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் கோப்பை இறக்குங்கள். ஜிப் கோப்பாக வந்தால் விரித்து, உள்ளே உள்ள '.bin' என்று முடியும் கோப்பை மட்டும் ஏற்ற வேண்டும். இடையே ஒரு பதிப்பை ஏற்றிய பிறகே கடைசிப் பதிப்புக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு சில மாடல்களுக்கு இருக்கும், அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். வைஃபை வழியாக ஏற்றாமல், கணினியை லேன் கேபிளால் இணைத்து ஏற்றுங்கள்.

நம் பக்கத்தில் உண்மையான ஆபத்து மின்சாரம்தான். ஃபர்ம்வேர் ஏறும்போது ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் பழையது அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. பாதியில் கரண்ட் போனால் பல ரௌட்டர்கள் மீண்டும் எழாது. சித்திரை, வைகாசியில் மாலை இடிமழைக்கு முன் கரண்ட் போவது தருமபுரிக்காரர்களுக்குத் தெரிந்ததே. மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் தவிர்த்து, காலை வேளையில் செய்யுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் கவலையில்லை என்று நினைக்கவும் வேண்டாம். அது மாறும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியிலேயே சில ரௌட்டர்கள் அணைந்து எரியும். 12 வோல்ட் ரௌட்டராக இருந்தால் அதற்கேற்ற மினி யூபிஎஸ் (பேட்டரியுள்ள சிறு பெட்டி) இதற்கு உதவும். திரையில் சதவீதம் நகராமல் நின்றாலும், பத்து நிமிடம் வரை எதையும் அணைக்காமல் பொறுத்திருங்கள்.

ரீபூட் வேறு, ரீசெட் வேறு: முன்னது ரௌட்டரை அணைத்து மீண்டும் எழுப்புவது, பின்னது அமைப்புகளையெல்லாம் அழித்து வாங்கியபோதிருந்த நிலைக்குக் கொண்டுபோவது. 2018-இல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீம்பொருளின் முதல் அடுக்கு ரீபூட் செய்த பிறகும் தங்கிவிட்டது. அதனால்தான் ரீசெட் செய்து, புதிய ஃபர்ம்வேரும் ஏற்றுமாறு வல்லுநர்கள் கூறினர். ரீசெட் செய்ய, ரௌட்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே சிம் எடுக்கும் ஊசியால் பின்புறத் துளையைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் மினுங்கியதும் விடுங்கள். சில மாடல்களில் டபிள்யூபிஎஸ்ஸுக்கும் (WPS, கடவுச்சொல் தட்டாமல் பொத்தானால் வைஃபையில் இணையும் வசதி) ரீசெட்டுக்கும் ஒரே பொத்தான்தான் என்பதையும் கவனியுங்கள்.

பிறகு வான் விவரங்களைத் தாளைப் பார்த்து இடுங்கள். அட்மின் கடவுச்சொல்லை உடனே மாற்றி, தொலைநிலை மேலாண்மையையும் (வெளியிலிருந்து ரௌட்டர் அமைப்புகளை மாற்றும் வசதி) டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்து, வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) தேர்ந்தெடுங்கள். பழைய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வலுவானவையாகவும் பிறருக்குத் தெரியாதவையாகவும் இருந்தால் அவற்றையே மீண்டும் வைக்கலாம். அப்படிச் செய்தால் டிவியையும் கேமராவையும் ஒவ்வொன்றாக மறுபடி இணைக்கும் வேலை இருக்காது.